இலங்கையில் பீடைகொல்லித் தடையும் தற்கொலைத் தடுப்பும்

தற்கொலைத் தடுப்புக்கான பீடைகொல்லித் தடை என்பது, மனிதருக்கு மிகுந்த நச்சுத்தன்மை கொண்ட வேளாண் வேதிப்பொருட்களைச் சட்டத்தின் மூலம் விலக்கி, தற்கொலை இறப்புக்களைக் குறைக்கும் பொதுச் சுகாதார நடவடிக்கை ஆகும். இதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு இலங்கை.

பின்னணி

பசுமைப் புரட்சிக் காலத்தில் பீடைகொல்லிகள் இலங்கையின் நாட்டுப்புற வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. தற்கொலை வீதம் பன்மடங்கு உயர்ந்து, 1995இல் 100,000 பேருக்கு 47 என்ற அளவை எட்டியது. இது அக்காலத்தில் உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று.

நஞ்சருந்தியோருள் பலர் நெடுநாள் சாவை எண்ணியிருந்தவர்கள் அல்லர். குடும்பச் சச்சரவின்போதோ கணநேரக் கோபத்திலோ கைக்கெட்டியதை எடுத்தவர்கள். இத்தகைய நெருக்கடி பெரும்பாலும் விரைவில் தணிந்துவிடும். ஆனால், உட்கொண்டது கொடிய நஞ்சாயின், மனம் மாறிய பின்னரும் மருத்துவத்தால் மீட்பது அரிது.

தடைகள்

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், பீடைகொல்லிகளின் பதிவைக் கட்டாயமாக்கியது. 1984இல் பரத்தியோன் தடைசெய்யப்பட்டது. 1995 அளவில், உலக சுகாதார நிறுவனம் முதலாம் நச்சு வகுப்பில் சேர்த்திருந்த எஞ்சிய பூச்சிகொல்லிகளும் விலக்கப்பட்டன. விவசாயிகள் எண்டோசல்பானுக்கு மாறினர். அதனால் நேர்ந்த இறப்புக்கள் கூடவே, 1998இல் அதுவும் தடைசெய்யப்பட்டது. விலக்கிய பொருளின் இடத்தைப் பிடிப்பது எது என்பதையும் கவனிக்கவேண்டும் என்பதை இது காட்டியது. 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியன் ஆகியவை படிப்படியாக நீக்கப்பட்டன.

விளைவு

2005 அளவில் தற்கொலை வீதம் 1995இல் இருந்ததில் பாதியானது. 2015 அளவில் மொத்த வீழ்ச்சி ஏறத்தாழ 70%. இவ்விருபது ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக 2017இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வருவோர் தொகை இதற்கேற்பக் குறையவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. முயற்சிகள் தொடர்ந்தன, ஆனால் முயன்றோருள் பெரும்பாலோர் பிழைத்தனர்.

விளைச்சல் குறையும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை. தடைகளுக்குப் பின் நெல் விளைச்சலில் வீழ்ச்சி காணப்படவில்லை.

மாற்று வழிகள்

தடைக்குப் பதிலாக, பீடைகொல்லிகளை வீட்டில் பூட்டி வைக்கலாம் என்ற யோசனையும் இருந்தது. பீடைகொல்லி உற்பத்தியாளர்களுக்கு இதுவே உவப்பானது. அனுராதபுரம் மாவட்டத்தில் 180 ஊர்களில், 53,000க்கும் மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கி இது சோதிக்கப்பட்டது. ஏறத்தாழப் பாதி ஊர்களின் விவசாயக் குடும்பங்களுக்குப் பூட்டுப் பெட்டிகள் வழங்கப்பட்டன. 2017இல் வெளியான முடிவுகளின்படி, பெட்டி பெற்ற ஊர்களிலும் பெறாத ஊர்களிலும் பீடைகொல்லி அருந்தியோர் வீதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.