வளைகுடா செல்லும் பிள்ளைக்கு வங்கிக் கணக்கு: புறப்படும் முன்பே கவனிக்க வேண்டியவை

 

வளைகுடாவுக்கு வேலைக்குப் புறப்படும் இளைஞர்கள் பலர் ஸலாம் சொல்லி விடைபெற நம் அலுவலகத்துக்கு வருகிறார்கள். விசா, டிக்கெட், துணிமணி முதல் ஊறுகாய் வரை எல்லாம் தயாராக இருக்கும். "சம்பளம் எந்தக் கணக்கில் விழும்? வீட்டுக்கு எந்தக் கணக்கில் வரும்?" என்று கேட்டால் மட்டும் பதில் இருக்காது. "போனதும் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்பார்கள்.

இது எத்தனை பெரிய விஷயம் என்பதை நம் மஹல்லாவின் சகோதரி ஒருவரின் நிலை எங்களுக்கு உணர்த்தியது. அவருடைய கணவர் சவூதியில் மவ்த்தானார். ஊரில் உள்ள வங்கிக் கணக்கில் பணம் இருந்தது. ஆனால் கணக்கு அவர் பெயரில் மட்டும்தான், நாமினி போடவில்லை. வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அந்தச் சகோதரி மாதக்கணக்கில் அலைந்தார். இடையில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நம்மிடம் வந்து நின்றார். கணவர் உழைத்த பணம் வங்கியில் கிடக்க, அவர் பிறரிடம் கேட்க வேண்டியதாயிற்று. படிவத்தில் இரண்டு வரி நிரப்பியிருந்தால் இந்தச் சிரமம் பெரிதும் குறைந்திருக்கும்.

ஊரில் செய்ய வேண்டியது

அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வேலைக்காக வெளிநாடு போனவர் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் தெரிவித்து அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வீட்டு வாடகை போன்ற உள்ளூர் வருமானம் அதில் சேரும். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தனியாகத் திறக்க வேண்டும். அதிலுள்ள பணத்தைத் தேவைப்பட்டால் தடையின்றி மீண்டும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம். என்.ஆர்.ஓ. வட்டிக்கு வருமான வரி உண்டு, என்.ஆர்.இ. வட்டிக்கு இல்லை.

வட்டியே வேண்டாம் என்பவர்கள் இவ்விரண்டையும் நடப்புக் கணக்காகத் திறக்கலாம். அதற்கான குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே போனதும்

அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடி, சவூதியில் இகாமா. இவை கைக்கு வந்த பிறகே பெரும்பாலும் கணக்குத் திறக்க முடியும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் கொண்டுபோவது நல்லது. சம்பளத்தை வங்கி வழியே பதிவாகும்படி கொடுக்கும் முறை அமீரகத்தில் 2009 முதலும் சவூதியில் 2013 முதலும் உள்ளது. சம்பளம் நின்றால் அந்தப் பதிவே உங்களுக்குச் சாட்சி. குறைந்த சம்பளக்காரர்களுக்குக் கணக்குக்குப் பதிலாகச் சம்பள அட்டை மட்டும் தருவதும் உண்டு.

கம்பெனி அனுமதித்தால் வட்டியில்லா வங்கியைத் தேர்ந்துகொள்ளலாம். துபாய் இஸ்லாமிய வங்கி 1975 முதலே நடந்துவருகிறது.

ஐபான் எனும் கணக்கு எண்ணைக் குறித்துவையுங்கள். அமீரகத்தில் அது 23 எழுத்தும் எண்ணும் கொண்டது, சவூதியில் 24. செல்போன் சிம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஐடி, இகாமா காலாவதியானால் கணக்கும் முடங்கலாம்.

ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் அறைத் தோழருக்கோ ஏஜெண்டுக்கோ கொடுக்காதீர்கள். "உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று யாராவது கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். அது மோசடிப் பணமானால் சிறைக்குப் போவது கணக்கு வைத்திருப்பவர்தான்.

பணம் அனுப்பும்போது

உண்டியலில் அனுப்பினால் கூடுதலாகக் கிடைக்கும் என்பார்கள். அது சட்டவிரோதம், பணம் தொலைந்தால் கேட்க ரசீதும் இருக்காது. வங்கியிலோ உரிமம் பெற்ற எக்ஸ்சேஞ்சிலோ அனுப்புங்கள். கட்டணத்தை மட்டும் பார்க்காமல், கடைசியில் ஊருக்கு எத்தனை ரூபாய் வந்து சேரும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெருந்தொகையை அங்கேயே தேக்கி வைக்காதீர்கள். கணக்குக்காரர் மவ்த்தானால் நீதிமன்ற உத்தரவு வரும் வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாமல் போகலாம்.

நாமினி என்பவர் யார்?

2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாமினி பணத்தை வாங்குபவர் மட்டுமே, அதன் உரிமையாளர் அல்லர். அது அவர் கையில் உள்ள அமானிதம். மனைவி, பெற்றோர், பிள்ளைகள் என மார்க்கப்படி உரிய பங்குகளை அவர் பிரித்துக் கொடுக்க வேண்டும். என்.ஆர்.இ. கணக்கை ஊரில் உள்ள மனைவியோடோ பெற்றோரோடோ கூட்டாகவும் திறக்கலாம். கணவருக்குப் பின் அது மனைவிக்கு வரும்படி எழுதிவைக்க வழி உண்டு. வங்கியில் கேளுங்கள்.

கணக்கு எண், கிளை, நாமினி பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் நம்பிக்கையானவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் தயங்காமல் நம் அலுவலகத்துக்கு வாருங்கள்; இன்ஷா அல்லாஹ், உடனிருந்து நிரப்பித் தருகிறோம். ஏற்கெனவே வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீட்டார் இன்றிரவு போனில் பேசும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, கணக்கில் நாமினி போட்டாயா?"

வஸ்ஸலாம்.