சான்றிதழில் யார் பெயர்?

1997ஆம் ஆண்டுக் கடைசியில் ஒரு மழை நாள். பிறையில் லாரி ஓட்டும் ஒருவர் பெரி பிடித்து ஜோர்ஜ் டவுனுக்கு வந்து, எங்கள் கல்லூரிப் பதிவு அலுவலக முகப்பில் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்தார். மளிகைக்கடைக் கடன் எழுதுகிற அதே சின்னப் புத்தகம்தான். அதில் மகளின் மூன்றாண்டுப் படிப்புச் செலவை வரி வரியாக எழுதியிருந்தார். முதல் இரண்டு ஆண்டு பினாங்கில், கடைசி ஆண்டு இங்கிலாந்தில். ஒரு பவுனுக்கு நாலே கால் வெள்ளி என்று கணக்கு.

“ஏம்மா, இப்ப பவுனு எங்கேயோ போய்க்கிட்டிருக்கு. நான் போட்ட கணக்கு என்ன ஆவுறது?”

என்னிடம் பதில் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அடுத்த ஜனவரியில் பவுன் ஏழு வெள்ளியைத் தாண்டியது. அந்த மாதம் மட்டும் எத்தனை அப்பாக்கள் அந்த முகப்பில் வந்து நின்றார்கள் என்று நான் எண்ணவில்லை. எல்லார் முகமும் ஒன்று போலத்தான் இருந்தது.

அன்று தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக எனக்கு இதுதான் வேலை: இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, ஒரு பட்டத்தை இரண்டு பக்கமும் கிழியாமல் பார்த்துக்கொள்வது.

இந்த ஏற்பாடு நம் நாட்டில் எப்படி வந்தது? 1980இல் பிரிட்டன் வெளிநாட்டு மாணவர்களிடம் முழுச் செலவையும் கட்டணமாக வாங்கத் தொடங்கியது. இங்கோ அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் குறைவு. நம் வீடுகளில் அந்த இடத்துக்காகப் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் தனியார் கல்லூரிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்தன. பாதியை இங்கே படித்தால் செலவு பாதியாகக் குறையும் என்பதுதான் யோசனை. 1996இல் தனியார் உயர்கல்விக் கழகச் சட்டம் வந்தது. அதன் எண் 555. லாரிக்காரரின் புத்தகத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும்.

நிதி நெருக்கடியில் பிள்ளைகள் நடுவழியில் நிற்க, 1998இல் அரசாங்கம் ‘3+0’ திட்டத்தை அனுமதித்தது. மூன்று ஆண்டும் இங்கேயே, பட்டம் மட்டும் அங்கிருந்து. அந்தப் பெண் அதில்தான் முடித்தாள். விமானம் ஏறவே இல்லை.

எல்லாவற்றையும் நாம் ‘டுவின்னிங்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவை வேறு வேறு. இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரே சான்றிதழ் கொடுத்தால் அது கூட்டுப் பட்டம். இரண்டும் தனித்தனியே ஒவ்வொரு சான்றிதழ் கொடுத்தால் இரட்டைப் பட்டம். படிப்பது இரண்டு இடத்தில் என்றாலும் ஒரே பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தால் அதுதான் டுவின்னிங். முகப்புக்கு வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது கட்டணத்தைப் பற்றி அல்ல. “சான்றிதழில் யார் பெயர் இருக்கும் என்று கேளுங்கள். அந்தப் பெயரை உங்கள் பிள்ளை வேலை செய்யப்போகும் நாட்டில் யார் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள்” என்பேன்.

இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதிலைப் பார்க்க வேண்டுமென்றால் சிப்பாய் லைன்ஸ் சாலைக்குப் போகலாம். பெரியாஸ்பத்திரி பக்கம்தான். 1996இல் பினாங்கு மருத்துவக் கல்லூரி என்று தொடங்கி, இன்று ஆர்.சி.எஸ்.ஐ. – யூ.சி.டி. மலேசியா வளாகம் என்ற பெயரில் நடக்கிறது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் இருக்கும் இரண்டு நிறுவனங்களின் வளாகம் அது. ஒன்று 1784இல் தொடங்கிய அறுவை மருத்துவர்களின் அரச கல்லூரி, மற்றது டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி. மாணவர்கள் முதல் இரண்டரை ஆண்டு இந்த இரண்டில் ஒன்றில் படிப்பார்கள். அடுத்த இரண்டரை ஆண்டு எல்லாரும் பினாங்கில் ஒன்றாகச் சேர்ந்து மருத்துவமனை வார்டுகளில் கற்பார்கள். பட்டம் தருவது அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகம்.

வெளியிலிருந்து பார்க்கிற எனக்கு இதில் பிடித்த விஷயம், தையல் போட்ட இடம். மருத்துவப் படிப்பே இயல்பாக இரண்டாகப் பிரியும்: உடற்கூறும் வேதியியலும் ஒரு பாதி, நோயாளியின் கட்டிலருகே கற்பது மறு பாதி. அந்த மடிப்பில்தான் நாட்டை மாற்றுகிறார்கள். இங்கே மருத்துவராகப் போகிற பிள்ளை, டெங்கிக் காய்ச்சலை டப்ளினில் பார்க்க முடியாது. “வயித்த என்னமோ பண்ணுது” என்று மட்டும் சொல்லும் பாட்டியிடம் எப்படி விசாரிப்பது என்பதையும் இங்கேதான் கற்க முடியும். பட்டத்தின் பெயரில் பி.ஏ.ஓ. என்று ஒரு வால் இருக்கும். பேறுகால மருத்துவத்துக்கான பட்டம் அது, அயர்லாந்தின் தனி வழக்கம். ‘இது என்ன புது எழுத்து, போலியோ’ என்று பெண் வீட்டார் ஒருவர் என்னிடமே வந்து விசாரித்ததுண்டு!

வணிகப் பட்டங்களில் அப்படி இயற்கையான மடிப்பு கிடையாது. அங்கே எல்லாத் தையலும் எங்களைப் போன்றவர்கள் கையால் போடுவது.

மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 70 வாங்கினால் முதல் வகுப்பு. 80க்குக் கீழே எல்லாம் சுமார் என்று வளர்ந்த நம் வீடுகளில் 64 என்ற தாளைப் பார்த்தால் இடி விழுந்த மாதிரி. உண்மையில் அது அங்கே இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவு, நல்ல மதிப்பெண். இதைச் சொல்லி எத்தனை பிள்ளைகளை அப்பாவின் திட்டிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

விடைத்தாளை இங்கே ஆசிரியர் திருத்துவார், இன்னொருவர் மறுபடி பார்ப்பார், மாதிரித் தாள்கள் கூரியரில் அங்கே போகும், வெளித்தேர்வாளர் பார்ப்பார், பிறகு அங்குள்ள தேர்வுக் குழு கூடி முடிவு செய்யும். அதுவரை எந்த மதிப்பெண்ணும் உறுதியில்லை. கோடையில் அவர்களுக்கும் நமக்கும் 7 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 8. நாங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது அவர்கள் காப்பியோடு உட்காருவார்கள்.

ஒரு வருடம் நான் அனுப்பிய மதிப்பெண் பட்டியலில் மறுதேர்வுக்கான ஒரு பத்தி விடுபட்டுவிட்டது. தவறு என்னுடையது. அங்கே அதைக் கவனிக்க வேண்டியவர் விடுமுறையில் இருந்தார். குழு அந்தத் தாளை ஒத்திவைத்தது. ஒரு பையனுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை காத்திருந்தது, மாதக் கடைசிக்குள் தேர்ச்சிக் கடிதம் கேட்டிருந்தார்கள். மூன்று மாலை இரவு வரை உட்கார்ந்து தொலைபேசியில் கெஞ்சினேன். கடிதம் அடுத்த மாதம் 6ஆம் தேதி வந்தது. அதற்குள் வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அவன் என்னைத் திட்டவில்லை. “பரவால்லக்கா” என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொரு கவலை, வெளிநாட்டுக் கூட்டாளி கையை உதறிவிட்டால் என்ன ஆகும் என்பது. எங்களுக்கும் ஒரு முறை நடந்தது. புதிய துணைவேந்தர் வந்தார், கடல் கடந்த வகுப்புகள் வேண்டாம் என்றார். ஏற்கெனவே சேர்ந்தவர்களைப் படித்து முடிக்க விட வேண்டும் என்ற ஒரு பிரிவு ஒப்பந்தத்தில் இருந்ததால் பிள்ளைகள் தப்பினார்கள். அந்தப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்பதை மலேசியத் தகுதிப் பதிவேட்டில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரி விளம்பரப் பலகையை நம்பி இபிஎஃப் பணத்தில் கை வைக்க வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு முன் காரைக்குடியிலிருந்து என் அத்தை மகன் அழைத்தார். மகளை டப்ளின்–பினாங்கு மருத்துவப் படிப்பில் சேர்த்து, பிறகு தமிழ்நாட்டிலேயே மருத்துவராக்கலாமே என்று ஆசை. “பினாங்குல நீ இருக்க, அப்புறம் என்ன?” என்றார். இந்தியத் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதியை அவருக்குப் படித்துக் காட்டினேன். குறைந்தது 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி, எல்லாம் ஒரே வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியில், பட்டம் பெறும் அதே நாட்டில் இருக்க வேண்டும் என்கிறது அது. பாதி டப்ளின், பாதி பினாங்கு என்பது அந்த வரிக்குள் எப்படி அடங்கும்? மலேசியப் பிள்ளைக்கு வரமாக இருக்கும் ஏற்பாடு, காரைக்குடிப் பிள்ளைக்கு முட்டுச்சுவர். ஆணையத்திடம் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு காசும் கட்டாதீர்கள் அத்தான் என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மருத்துவம் தவிர்த்த படிப்புகளில் இந்தியா இப்போது கதவைத் திறந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி, கூட்டுப் பட்டத்துக்கு இரு பக்கமும் தலா 30 விழுக்காடாவது படிக்க வேண்டும். அத்தான் மகள் இப்போது கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறாள், அப்படி ஒரு திட்டத்தில் சேரலாமா என்று என்னைத்தான் கேட்கிறாள். ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

லாரிக்காரரின் மகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. கணக்கியல் படித்த அவள் பின்னாளில் நல்ல வேலைக்குப் போனாள். அவள் சான்றிதழில் இருக்கும் பல்கலைக்கழகத்தை அவள் பார்த்ததே இல்லை. சில வருடத்துக்கு முன் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு பிரிட்டனுக்குச் சுற்றுலா போனவள், வழியில் ரயிலை மாற்றி அந்த ஊருக்கும் போயிருக்கிறாள். திரும்பி வந்ததும் பெரியவர் தண்ணீர்மலைக் கோயிலில் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். கைப்பேசியில் படம் காட்டினார். மழையில் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம், அதன் முன்னால் கம்பளிக் குல்லாயோடு அவர்.

“உள்ளயும் போய்ப் பார்த்தேம்மா. கவுண்டர்ல ஒரு ஆளு இல்ல. எல்லாம் மெஷினு” என்றார்.