லாச்சியில் கிடக்கும் தங்கம்

நம்மில் பலரது வீட்டு லாச்சியில் பழைய கைத்தொலைபேசிகள் இரண்டு மூன்றாவது கிடக்கும். அவற்றுக்குள் தங்கம் இருப்பது உண்மைதான். மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளியும் செம்பும் தங்கத்தைவிடச் சிறந்தவை. ஆனால் அவை நாளடைவில் கறுத்துப்போகும். தங்கம் அப்படியே இருக்கும். அதனால்தான் சிம் அட்டையின் முகப்பிலும் கணினி நினைவக அட்டையின் விளிம்பிலும் தங்கம் பூசுகிறார்கள். அந்தப் பூச்சு பெரும்பாலும் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது.

கணக்குப் பார்ப்போம். ஒரு தொலைபேசியில் சுமார் 0.03 கிராம் தங்கம் என்று வைத்தால், 22 கரட் பவுண் ஒன்றிலுள்ள 7.33 கிராம் சுத்தத் தங்கத்துக்கு 240க்கு மேற்பட்ட தொலைபேசிகள் வேண்டும். இதற்காக, இணையக் காணொளிகளைப் பார்த்து வீட்டில் அமிலத்தில் ஊறவைக்க வெளிக்கிடாதீர்கள். அதன் நச்சுப்புகை நுரையீரலைக் கெடுக்கும். கிடைக்கும் தங்கம் அமிலச் செலவுக்கும் காணாது.

ஆனால் பலர் சேர்ந்து கொடுத்தால் கதை வேறு. டோக்கியோ 2020 ஒலிம்பிக்கிற்காக ஜப்பானில் சுமார் 62 இலட்சம் தொலைபேசிகளும் பிற சிறு மின்சாதனங்களும் சேர்க்கப்பட்டன. அவற்றிலிருந்து 32 கிலோ தங்கம் கிடைத்தது. பிரித்தானியாவின் அரச நாணயசாலையும் 2024இல் வேல்ஸில் இதற்கென ஓர் ஆலையைத் திறந்தது.

இடம்பெயர்ந்தபோது நம்மிற் பலரைக் கரைசேர்த்தது கழுத்திலும் கையிலும் கிடந்த தங்கம்தான். அதைக் குப்பைத்தொட்டியில் போடலாமா? படங்களைப் பிரதியெடுத்து, தரவுகளை அழித்து, சிம்மைக் கழற்றி, உங்கள் நகரசபையின் மின்கழிவுச் சேகரிப்பு நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.