காற்றைப் பங்கு போடும் கூட்டம்

நார்வே என்றதும் மலையும் ஃபியோர்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்தவாங்கருக்குத் தெற்கே கடலோரமாகக் கிடக்கும் யேரன் பகுதி தட்டையான விவசாய பூமி. கால்பந்து வீரர் எர்லிங் ஹாலண்ட் வளர்ந்த ப்ரீனே ஊர் இங்கேதான் இருக்கிறது. நார்வேயின் பேர்பெற்ற டி.பி.எஸ். சைக்கிள்களைத் தயாரித்த சான்னெஸ் பக்கத்து ஊர். எகர்சுண்டிலிருந்து சான்னெஸ் வரை சுமார் 91 கி.மீ. தூரம் போகும் 'வட கடல் சவாரி' 1998 முதல் நடக்கிறது. ஆயிரக்கணக்கானோர் அதில் சைக்கிள் மிதிக்கிறார்கள்.

வழியின் முதல் பாதியில் மேடுகள் உண்டு. யேரனை எட்டியதும் மேடு போய்க் காற்று வருகிறது. வயல்களைப் பிரிக்கும் தாழ்ந்த கல் சுவர்களைத் தவிர, வட கடல் காற்றை மறிக்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். காற்றே இல்லாத நாளில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். மறுநாள் எதிரே 18 கி.மீ. காற்று. உடம்பின் மேல் மோதுவது இப்போது 43 கி.மீ. வேகக் காற்று. பழைய வேகத்திலேயே போனால் தடை ஏறத்தாழ மூன்று மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், கணக்கு சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதனுடன் மல்லுக்கட்டும் நேரம் நீள்கிறது. பின்காற்றின் உதவியோ சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

பக்கக்காற்று இன்னும் பொல்லாதது. நேர்ப் பக்கவாட்டில் 25 கி.மீ. காற்று வீசுகிறது, நீங்களும் 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்றால், முகத்தில் படுவது 45 பாகை சாய்வில் வரும் 35 கி.மீ. காற்று. பக்கத்திலிருந்து வீசும் காற்றும் உங்கள் முன்னோட்டத்துக்கு எதிரான தடையைச் சுமார் 40 சதவீதம் கூட்டிவிடும்.

இங்கேதான் கூட்டம் கைகொடுக்கிறது. முன்னால் போகிறவர் காற்றைப் பிளக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த, அமைதியான ஒரு பகுதி உருவாகிறது. அதற்குள் சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெல்ஜியப் பொறியாளர் பெர்ட் ப்ளோக்கன் குழுவினர் 121 வீரர்கள் கொண்ட போட்டிக் கூட்டத்தை ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கூட்டத்தின் நடுவே, பின்பக்கமாக இருப்பவருக்குத் தடை, தனியாக ஓட்டும்போது இருப்பதில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான். பின்னால் ஆள் இருப்பதால் முன்னால் போகிறவருக்கும் கொஞ்சம் லாபம் உண்டு. அவர் முதுகை உறிஞ்சி இழுக்கும் குறைவழுத்தம் சற்றுத் தணிகிறது.

பக்கக்காற்றில் இந்தப் புகலிடம் இடம் மாறும். காற்று இடதுபக்கமிருந்து வந்தால், மறைவு முன்னவரின் வலப்பின்புறத்தில் விழும். அதனால் வரிசை சாய்கோடாகிறது. ஆனால் சாலைக்கு அகலம் உண்டே! சிலருக்குமேல் சாய்கோட்டில் இடமிருக்காது; அடுத்தவர் ஓரத்தில் மறைவின்றித் திண்டாடுவார். போட்டியில் வலுவான அணிகள் இதைத் தந்திரமாகவே பயன்படுத்திக் கூட்டத்தை உடைக்கும். வாகனங்கள் ஓடும் சாலையில் நண்பர்கள் அப்படிப் பரவ முடியாது. வேகத்தைக் குறைத்து, முன்னால் வருபவரை அடிக்கடி மாற்றிக்கொள்வதே வழி.

ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்களுக்கும் இதே இயற்பியல்தான். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் மோதும். கால் களைத்த நேரத்தில் எதிர்காற்று வேண்டாமென்றால், கிளம்பும்போதே காற்றை எதிர்த்துப் போகும் திசையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

நண்பர்கள் எல்லாருக்கும் ஒரே பலம் இருக்காது. வலுவானவர் முன்னால் வந்ததும் வேகத்தை 25 கி.மீ.யிலிருந்து 30க்கு ஏற்றிவிடுவது வழக்கம். அமைதியான காற்றிலும்கூட, தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், அந்த ஐந்து கிலோமீட்டர் வேகக் கூடுதலுக்கு 70 சதவீதத்துக்குமேல் கூடுதல் திறன் வேண்டும். பின்னால் வருபவர் அறுபட்டுப்போவார்; தனியாக அவர் பிளக்க வேண்டிய காற்று முழுதும் அவர் தலையில் விழும். வலு உள்ளவர் வேகத்தைக் கூட்டக் கூடாது, முன்னால் இருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். மற்றவர் ஒரு நிமிடம் காற்றை வாங்கினால், இவர் மூன்று நிமிடம் வாங்கட்டும். எல்லாரும் ஒன்றாக ஊர் போய்ச் சேரலாம்.