துணைப்பாடமாக வான்வெளிப் பொறியியல்

இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டா, 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட் மூலம் விண்ணில் செலுத்தப்பட்டது. சில நாட்களிலேயே மின்வழங்கலில் ஏற்பட்ட கோளாற்றினால் அதன் அறிவியல் சோதனைகள் தடைப்பட்டன. விண்கலத்தின் வெற்றி ராக்கெட் வல்லுநரை மட்டும் பொறுத்ததன்று. மின் பொறியாளரையும் உலோகவியலாரையும் கணிப்பொறி வல்லுநரையும் பொறுத்தது என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும், இத்துறைக் கல்வி நம் நாட்டில் நெடுங்காலம் தனிப் பட்டப்படிப்பாகவே இருந்து வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1942-இல் வானூர்திப் பொறியியல் துறை தோன்றியது. பிற துறை மாணவர் இதனைப் பயில இப்போது துணைப்பாட முறை வழி வகுக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தின்படி, பொறியியல் பட்டத்திற்கு 160 கிரெடிட்டுகள் தேவை. கூடுதலாக 18 முதல் 20 கிரெடிட்டுகள் பெறும் மாணவர், துணைப்பாடத் தகுதியும் பெறலாம். ஒரு பருவம் முழுவதும் வாரத்திற்கு ஒரு மணி நேர விரிவுரை என்பது ஒரு கிரெடிட் ஆகும். எனவே, கூடுதல் சுமை ஏறத்தாழ ஆறு பாடங்களாகும்.

காற்றியக்கவியல், உந்துவிசை, கட்டமைப்பு, பறத்தலின் இயக்கவியல், சுற்றுப்பாதை இயக்கவியல் ஆகியவை இத்துறையின் அடிப்படைகள். இவற்றால் மின் பொறியியல் மாணவருக்கு விளையும் பயன் என்ன? சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் செயற்கைக்கோள் 95 நிமிடங்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது 35 நிமிடங்கள் வரை புவியின் நிழலில் இருக்கக்கூடும். அப்போது மின்கலமே அதற்குத் துணை. ஓராண்டில் ஏறத்தாழ 5,500 முறை மின்னேற்றமும் மின்னிறக்கமும் நிகழலாம். சுற்றுப்பாதையை அறியாதவர் அம்மின்கலத்தைச் சரியாக வடிவமைக்க இயலாது.

பொருளாதார நோக்கிலும் இம்முறை சிக்கனமானது. புதிய துறையொன்றைத் தொடங்குவதற்கு ஆகும் பெருஞ்செலவின்றி, ஏற்கெனவே உள்ள ஆசிரியர்களையும் ஆய்வுக்கூடங்களையும் மேலும் பலருக்குப் பயன்படுத்தலாம். விண்வெளித்துறையில் தனியார் பங்கேற்பு 2020-இல் விரிவாக்கப்பட்டு, 2023-இல் இந்திய விண்வெளிக் கொள்கையும் வெளியிடப்பட்ட நிலையில், இதன் தேவை பெருகியுள்ளது.

எனினும், இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். துணைப்பாடம் முழுப் பட்டத்திற்கு ஈடாகாது. அதற்காக முதன்மைப் பாடத்தில் பின்தங்கும் மாணவர் இரண்டையும் இழப்பார். காற்றுச் சுரங்கமோ உந்துவிசை ஆய்வுக்கூடமோ இல்லாத கல்லூரி, அவ்வசதியுள்ள நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் இப்பாடத்தைத் தொடங்கினால், மாணவருக்குக் கிடைப்பது சான்றிதழ் மட்டுமே. ஒப்புதல் வழங்கும் அதிகாரிகள் பாடப்பட்டியலுடன் நின்றுவிடாது, ஆய்வுக்கூடத்தையும் நேரில் காண வேண்டும். மாணவரின் உழைப்பு வீண்போகாமல் காப்பது அவர்களது கடமையாகும்.