சொடுக்கில் மறையும் வெட்டு

கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். பிறகு வலது கண்ணைப் பாருங்கள். எத்தனை முறை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் விழி நகர்வது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். பார்வை ஓரிடம் விட்டு இன்னோரிடம் தாவுகிற, பத்தில் ஒரு நொடிக்கும் குறைவான அந்த நேரத்தில், வருகிற காட்சியை மூளை அடக்கிவிடுகிறது. விழித்திருக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை இப்படித் தாவுகிறோம். இடையில் விழுந்த ஓட்டைகளை ஒருநாளும் உணர்வதில்லை.

திரைப்படக்காரர்கள் ‘விப் பேன்’ என்று சொல்லும் உத்தி எடுபடுவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சாட்டையைச் சொடுக்குவதுபோல் கேமராவைப் பக்கவாட்டில் விசுக்கென்று திருப்புவதுதான் விப் பேன். திரையில் உருவங்கள் அழிந்து வண்ணக் கோடுகள் மட்டும் ஓடும். அடுத்த ஷாட்டை அதே மாதிரி ஒரு திருப்பத்தின் நடுவிலிருந்து தொடங்கி, கோடுகளோடு கோடுகளை ஒட்டிவிட்டால், பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே திருப்பம். சமையலறையில் தொடங்கிய திருப்பம் ரயில் நிலையத்தில் போய் நிற்கும்.

கோடுகள் எப்படி வருகின்றன என்பதை ஒரு சின்னக் கணக்கு போட்டே பார்த்துவிடலாம். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும்போது ஷட்டரை வழக்கமாக 1/48 அல்லது 1/50 நொடியில் வைப்பார்கள். கால் நொடியில் 90 பாகை திருப்பினால், ஒரு ஃப்ரேம் பதிவாகும் நேரத்துக்குள் கேமரா ஏழரை பாகை நகர்ந்துவிடும். முழு ஃப்ரேம் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அகலமோ சுமார் 40 பாகைதான். ஆகவே ஒவ்வொரு புள்ளியும் திரையின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு நீளத்துக்கு இழுபட்டுக் கோடாகிறது. 24 மி.மீ. லென்ஸ் மாட்டினால் இழுவை பாதியாகக் குறையும். அதே 50 மி.மீ. லென்ஸில் ஷட்டரை 1/1000-க்குக் கொண்டுபோனால் திரை அகலத்தில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்போது படம் கலங்காது. கூர்மையான படங்கள் தத்தித் தத்திப் போகும், வெட்டை ஒளிக்க இடமிருக்காது. பட்டப்பகலில் செல்போனில் எடுத்தது சரியாக வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். வெயிலைக் கண்டதும் போன் தானாகவே ஷட்டர் வேகத்தைக் கூட்டிவிடும். என்.டி. ஃபில்டர் ஒன்றைப் போட்டு ஒளியைக் குறைத்து, ஷட்டரை 1/50-இல் பிடித்து வைக்க வேண்டும்.

இந்த உத்தியால் என்ன சொல்ல முடியும் என்பதற்கு ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கேனும் அவன் முதல் மனைவி எமிலியும் காலை உணவு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்சல். ஒரு சொடுக்கு. அதே மேசை, சற்றே சலிப்பான பேச்சு. இன்னொரு சொடுக்கு, ஒரு வாக்குவாதம். இப்படியே போய்க் கடைசியில் பேச்சே இல்லை. அவன் கையில் அவனுடைய பத்திரிகை, அவள் கையில் போட்டிப் பத்திரிகை. கேமரா பின்வாங்கும்போதுதான் மேசை எவ்வளவு நீளம் என்று தெரிகிறது. ஒரு திருமணம் உலர்ந்துபோன ஆண்டுகள் எல்லாம் சில நிமிடங்களுக்குள் அடங்கிவிட்டன. கழிந்த காலத்தைத் தேதி போட்டுக் காட்டவில்லை, அந்தக் கலங்கல்களே சொல்லிவிடுகின்றன.

எடிட்டிங் வேலை சின்னதுதான். முதல் ஷாட்டைக் கலங்கல் உச்சத்தில் இருக்கும் ஃப்ரேமில் வெட்டி, இரண்டாவதை அதன் உச்சத்திலிருந்து தொடங்கினால் போதும். ஒன்று பகல், மற்றது இரவு என்று நிறம் மாறினால் ஒரு ஷாட் மற்றதில் கரையும் ‘டிஸால்வ்’ இரண்டு மூன்று ஃப்ரேம் வைத்தால் உதவும். வெட்டின் மேல் ‘உஷ்’ என்று ஓர் ஒலியை வைத்தால் காதும் நம்பிவிடும். கேமராவைத் திருப்பாமல் மென்பொருளிலேயே கலங்கலைப் போட்டுக்கொள்ளவும் வழி உண்டு. அவசரத்துக்கு அது சரி. ஆனால் உண்மையான திருப்பத்தில் பக்கத்துச் சுவர், ஜன்னல், மரம் என்று புதுப்புது நிறங்கள் கோடுகளாக வந்து சேரும். மென்பொருள் இருக்கிற படத்தையே இழுத்துத் தேய்க்கிறது. அந்த வறுமை கண்ணில் படவே செய்கிறது.

அதனால் படப்பிடிப்பிலேயே கவனம் வேண்டும். முதல் ஷாட் இடமிருந்து வலம் போனால் இரண்டாவதும் இடமிருந்து வலமே வர வேண்டும். வேகமும் ஒத்திருக்க வேண்டும். கேமராவின் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் கையோடு அது மல்லுக்கு நிற்கும். கையில் பிடித்து எடுப்பவர்கள் பாதங்களை முடியப்போகும் திசை பார்த்து ஊன்றிக்கொண்டு, இடுப்பைத் தொடங்கும் பக்கம் முறுக்கி நின்றால், முறுக்கு அவிழும்போது உடல் தானாகவே நிலைக்கு வரும். இரண்டாவது ஷாட்டில் ஃபோகஸை, போய் நிற்கும் இடத்துக்கு முன்கூட்டியே வைத்துவிட வேண்டும்.

பழகுபவர்கள் பெரும்பாலும் திருப்புவதையே பழகுகிறார்கள். அதைவிடக் கடினம் நிறுத்துவது. முகத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் சொடுக்கின் வலு போய்விடும். முகம் ஃப்ரேமில் எங்கே விழ வேண்டுமோ அங்கேயே விழ வேண்டும். விழுந்த பிறகு கேமரா மூன்று நொடியாவது அசையாமல் நிற்க வேண்டும். எடிட்டருக்கு அந்த மூன்று நொடி தேவைப்படும்.