கமக்காரர் வயற்பாடசாலை: பெரும்போக வகுப்புகளுக்கு ஆயத்தமாதல்

பெரும்போக மழை இறங்குவதற்கு முன் கமக்காரர் ஆயத்தஞ் செய்வன பல. விதைநெல், பசளை, உழவு யந்திரம், கூலியாள், கடன் ஆகிய யாவும் பல நாள்களுக்கு முன்னரே எண்ணிக் கணக்கிடப்படுகின்றன. வயலைப் பார்த்து முடிவு செய்யுந் திறமை மாத்திரம் இக்கணக்கிற் சேர்வதில்லை. ஆயினும் ஒரு போகத்தின் வீண்செலவுகள் பல இத்திறமைக் குறைவினாலேயே உண்டாகின்றன. இத்திறமையைக் கமக்காரர் தம் வயலிலேயே பெறுதற்கு ஏற்ற வகுப்பே கமக்காரர் வயற்பாடசாலையாகும். இவ்வகுப்பு விதைப்புடன் தொடங்கி அறுவடையுடன் முடிவது. ஆதலின், சேர விரும்புவோர் விதைப்பிற்கு முன்னரே பெயர் கொடுத்தல் வேண்டும்.

இம்முறை தோன்றிய வரலாறு

இவ்வகுப்பு முறை முதலில் இந்தோனேசியாவிலே தோன்றியது. அங்கே நெல்வயல்களிற் பூச்சிநாசினி அதிகமாகத் தெளிக்கப்பட்டபோதிலும் கபில நிறத் தத்தி குறையவில்லை; பெருகியது. தத்தியை உண்ணும் சிலந்தி முதலியவை நஞ்சினால் அழிந்தமையே இதற்குக் காரணம். 1986 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அந்நாட்டரசு 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்லுக்குப் பாவிக்கலாகாதென விலக்கிற்று. எனினும், விலக்கு ஒன்றினால் மாத்திரம் பயன் விளையாது. வயலில் நடப்பதைக் கமக்காரர் தாமே கண்டறிதல் வேண்டும். இதன்பொருட்டு 1989 ஆம் ஆண்டில், உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் உதவியுடன் வயற்பாடசாலைகள் அங்கு ஆரம்பிக்கப்பட்டன. 1990களில் இம்முறை இலங்கையிலும் கைக்கொள்ளப்பட்டது.

வகுப்பு நடைபெறும் முறை

ஒரே வயல்வெளியைச் சேர்ந்த 20 முதல் 25 பேர் ஒரு வகுப்பிற் சேருவர். வாரத்தில் ஒரு நாள் காலை வேளையில், வெயில் ஏறுமுன் வயலோரத்திற் கூடுவர். ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து வயலில் இறங்கி, 10 இடங்களிற் பயிரைப் பார்ப்பர். மட்டங்கள் எத்தனை, இலையின் நிறம் யாது, நீர் எவ்வளவு, தீமை செய்யும் பூச்சி எத்தனை, அவற்றைத் தின்னும் பூச்சி எத்தனை என எண்ணுவர். பின்னர் நிழலில் அமர்ந்து, கண்டவற்றைப் பெரிய கடதாசியிற் படமாக வரைவர். படத்தைக் காட்டி ஒருவர் பேச, மற்றையோர் வினவுவர். அவ்வாரம் வயலிற் செய்யவேண்டியது யாது என்பது இறுதியில் முடிவு செய்யப்படும்.

விவசாயப் போதனாசிரியர் இங்கு பிரசங்கஞ் செய்வதில்லை. ஒருவர் புழுவொன்றைக் கொண்டுவந்து இஃது என்னவென்று கேட்டால், எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று அவர் திருப்பிக் கேட்பார். விடை வயலிலேயே தேடப்படும்.

வகுப்பிற்கென இரு துண்டுகள் ஒதுக்கப்படும். ஒன்றிலே வழக்கப்படி செய்கை நடைபெறும். மற்றதிற் குழுவின் முடிவின்படி நடைபெறும். இரண்டினதும் செலவு எழுதப்பட்டு, அறுவடையில் விளைவும் நிறுக்கப்படும். எது இலாபகரமானது என்பதை எவரும் சொல்லவேண்டியதில்லை, கணக்கே சொல்லும்.

தெளிப்பதா, விடுவதா?

விதைத்து 25 நாளான வயலில் இலைகள் சுரண்டப்பட்டு வெண்மையாகத் தோன்றுகின்றன. பக்கத்து வரம்பிலே ஒருவர் தெளிகருவியுடன் நிற்கிறார். அந்நேரத்தில் வாளாவிருப்பது எவருக்கும் எளிதன்று. ஆனால் இளம் நெற்பயிர் இழந்த இலைகளுக்கு ஈடாகப் புதிய இலைகளையும் மட்டங்களையும் தோற்றுவிக்கும் ஆற்றலுடையது. முதல் 40 நாள்களில் இலைதின்னும் புழுக்களால் உண்டாகும் சேதம் பெரும்பாலும் விளைவைக் குறைப்பதில்லை. வகுப்பில் ஒரு சிறு பாத்தியின் இலைகளிற் பாதியை வெட்டிவிட்டு, அது மீண்டும் தழைப்பதைக் கமக்காரர் தாமே பார்ப்பர்.

அவ்வேளை தெளிக்கும் நஞ்சு சிலந்தியையும், தும்பியையும், பொறிவண்டையும், தத்தியின் முட்டைகளை உறிஞ்சும் சிறிய பச்சை நிற மூட்டுப்பூச்சியையும் கொல்லும். சில வாரங்களின் பின் தத்தி வந்து சேரும்போது அதனைத் தடுக்க வயலில் ஒன்றும் இராது. பயிர் வட்டம் வட்டமாக எரிந்தாற்போலக் காயும். மருந்துச் செலவு, கூலி, இழந்த நெல் ஆகிய மூன்றும் கமக்காரரின் கடனிற் சேரும்.

பூச்சிநாசினி எக்காலத்தும் ஆகாதென்பது இதன் கருத்தன்று. தத்தி பயிரின் அடியில், நீர்மட்டத்துக்கு அண்மையிலே இருப்பது. அடியைப் பிரித்துப் பார்த்து எண்ணுவோர் அதன் பெருக்கத்தை முன்னரே அறிவர், நீரை வடியவிடுவர், தழைச்சத்துப் பசளையை மட்டுப்படுத்துவர். அதன் பின்னரும் தேவைப்படின், சிபாரிசு செய்யப்பட்ட மருந்தை உரிய இடத்தில் உரிய அளவில் தெளிப்பர்.

பசளையும் மண்ணும்

2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டதாயினும், 2022 இல் விலை மிக உயர்ந்தது. கையிலிருந்த சொற்ப யூரியாவை எப்போது இடுவது, எந்த வயலுக்கு இடுவது என்று கலங்கியோர் பலர். மண்ணையும் இலையையும் பார்த்து முடிவு செய்யத் தெரிந்திருத்தல் எவ்வளவு பெறுமதியுடையதென்பதை அக்காலம் உணர்த்திற்று.

வகுப்பில் மண்மாதிரி எடுக்கும் முறை செய்து காட்டப்படும். வயலின் 8 அல்லது 10 இடங்களில், ஆறங்குல ஆழத்துக்கு எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்திப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். இலை நிற அட்டையுடன் இலையை ஒப்பிட்டு, யூரியா இடவேண்டிய காலத்தை அறிதலும் பழக்கப்படும்.

மரக்கறிச் செய்கையாளருக்கு

மரக்கறித் தோட்டங்களிலும் இவ்வாறே வகுப்புகள் நடத்தலாம். கத்தரியின் நுனித்தண்டு வாடுமாயின், புழு உள்ளே இருக்கின்றது. மேலே தெளிக்கும் மருந்து அதனை எளிதில் எட்டாது. வாடிய நுனிகளை வாரந்தோறும் வெட்டி அழித்தலே பயன்தரும். பாகல், புடோல் ஆகியவற்றின் பிஞ்சுகளைப் பழ ஈ குத்துமுன் கடதாசி உறையால் மூடுதலும், விழுந்த காய்களை ஆழப் புதைத்தலும் வேண்டும். மருந்து தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதைச் சுட்டுத்துண்டில் வாசித்தறிதலும் பாடமாகும். அக்காயை முதலில் உண்பவர் பெரும்பாலும் கமக்காரரின் பிள்ளைகளே.

எவரெவர் வரல் வேண்டும்?

வயலில் உண்மையாக வேலை செய்பவரே வரல் வேண்டும். களையெடுப்பவரும் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுபவரும் பல குடும்பங்களிற் பெண்களே. பயிரில் முதல் மாற்றத்தைக் காண்பவரும் அவரே. கணவன் மாத்திரம் வந்து மனைவி வராதிருப்பின், பாடத்திற் பாதி வீட்டை அடையாது. கூலிக்கு மருந்து தெளிப்பவரும் வருதல் மிக நன்று. நஞ்சு முதலில் அவருடைய உடலிலேயே படுகின்றது.

எழுத வாசிக்கத் தெரியாமை தடையன்று. எண்ணவும் வரையவும் தெரிந்தாற் போதும். கூலி நாளொன்று கெடுமென அஞ்சவும் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு காலைப்பொழுதே செலவாகும். ஆனால் இடையில் விட்டுவிட்டு வருதல் பயன்தராது. ஒவ்வொரு வாரமும் பயிர் மாறிக்கொண்டே செல்லும்.

பெயர் கொடுத்தல்

ஒரே கண்டத்துக் கமக்காரர் தமது கமக்காரர் அமைப்பின் மூலம் ஒன்றுகூடிப் பெயர் கொடுத்தல் சிறந்தது. ஒருவர் தெளியாதிருக்க, அயலவர் நால்வர் தெளிப்பின் பயன் குன்றும். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலே இதனைப் பேசி, தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் கண்டு, நாளையும் இடத்தையும் தீர்மானித்துக்கொள்ளலாம். திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் விவசாய ஆலோசனை பெறலாம்.

முதல் வகுப்புக்கு வரும்போது தமது விதைநெல்லிற் கைப்பிடியளவு கொண்டுவருதல் வேண்டும். அதில் 100 மணிகள் எண்ணி ஈரச்சாக்கில் முளைக்க வைக்கப்படும். 85க்குக் குறைவாக முளைக்கும் விதையை விதைப்பிற்கு முன்னரே மாற்றிக்கொள்ளலாம். விதைத்த பின் அறிந்து பயனில்லை.